ஆன்டெனா பிடித்த ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை டி.வி. நாடகத்தை என் மனைவி அம்சவல்லி பார்க்கவே கூடாது. அப்படித்தான் முடிவு செய்திருந்தேன்.

காரணம் இருக்கிறது. நில உச்சவரம்பில் எங்களுக்கு ஒரு ஏக்கர் கிடைத்திருந்தது. அதற்காகக் கொடி பிடித்து நான் மூன்று நாள் ஜெயிலில் இருந்தேன். அவள் ஏழு நாள். திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் பட்டா மனு கொடுக்க வேண்டும். மனுவில் 'செல்லதுரை' என்று என் பெயரை மட்டும் எழுதி வைத்திருந்தேன்.

இந்த நேரம் பார்த்தா 'காலக் கோளாறு' தொடரில் அப்படி ஒரு கதை வர வேண்டும்? சலூனில் பேப்பரில் படித்தேன். விஞ்ஞானியின் மனைவி கால வண்டியில் ஏறி இருபது வருஷம் கழித்து வரப்போகும் காலத்துக்குப் போகிறாளாம். அங்கே புருஷன் நிலத்தை விற்று மோட்டார் சைக்கிள் வாங்கி, அதையும் விற்றுச் சீட்டாடிக்கொண்டிருக்கிறானாம்!

காலையிலேயே மொட்டைமாடி ஏறி ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பிவிட்டேன்.

நாடக நேரம் வந்தது. உச்சி வெயில்.

"என்னங்க, படமே வரல! மேல ஏறிப் பாருங்க."

ஏணி வைத்து ஏறினேன்.

"வலது பக்கம் திருப்புங்க!"

இடது பக்கம் திருப்பினேன். "தெரியுதா?"

"ஒரே புள்ளி. இன்னும் வலது!"

இன்னும் இடது. சுற்றிய சுற்றில் எனக்கே திசை மறந்துவிட்டது.

"இப்ப?"

"கோடு கோடாத்தான் வருது. அப்படியே புடிச்சிக்கிட்டு நில்லுங்க!"

கோடுதானே, பார்க்கட்டும். அரை மணி நேரம் வயல் பொம்மை மாதிரி நின்றேன். கீழே அவளும் பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கோட்டப் பாத்தா சிரிக்கிறீங்க?"

"ரொம்ப நல்ல கோடுங்க!"

இறங்கலாம் என்று எட்டிப் பார்த்தால் ஏணியைக் காணோம். இடுப்பில் கை வைத்து அம்சவல்லி நின்றாள்.

"ஏணி எங்க புள்ள?"

"கண்ணாத்தா வீட்டுல. படம் கண்ணாடியாத் தெரிஞ்சுது. நான் வலதுன்னா நீங்க இடதும்பீங்க. பதினஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணவளுக்கு இது தெரியாதா?"

"சரி, என்ன வேணும்?"

"பட்டாவுல ரெண்டு பேர் பேரும்."

"நிலம் ஆம்பள பேர்ல இருக்கறதுதான் வழக்கம்."

"நீங்க மேலயே இருங்க. அதையும் வழக்கமாக்கிடலாம்."

தளம் உள்ளங்காலைச் சுட்டது. சம்மதித்தேன்.

"மனுவ நானே எழுதிடறேன். நீங்க பாவம், வெயில்ல வாடிட்டீங்க" என்றாள் பாசமாக.

மறுநாள் தாலுகா ஆபீசில் குமாஸ்தா மனுவை உரக்கப் படித்தார்.

"மனுதாரர், அம்சவல்லி மற்றும் ஒருவர்."

நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். "யாருங்க அந்த ஒருவர்?"

மெதுவாகக் கையைத் தூக்கினேன்.