சிவப்புத் துணிக்குள் ஒரு கோழி

தாபூ ஊர்க் கோயில் முற்றத்தில் அன்று மனிதர்களைவிடக் கோழிகள் அதிகம். கூடையில் கோழி, சாக்கில் கோழி, ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் கோழி. வரிசையில் முந்தியவரோடு பிந்தியவர் சண்டை போட, கோழிகள் அதற்குப் பின்பாட்டுப் பாடின. தென் தைவான் முழுவதும் ஒரே பேச்சு: குவோ சாமி கோழி வயிற்றுப் பேய்ப்புழுவைப் புகைபோட்டே இறக்குகிறாராம்!

மஞ்சள் அங்கி, கறுப்புக் கண்ணாடி, மணிக்கட்டில் தங்கக் கடிகாரம். பேய்களோடு பழகுகிறவருக்கு நேரம் முக்கியம் அல்லவா?

வைத்தியம் இதுதான். கோழியைச் சிவப்புத் துணியால் மூடவேண்டும். பேய்க்கு வெளிச்சம் ஆகாது. வாலை மட்டும் வெளியே நீட்டி, தண்ணீர்த் தட்டின் மேல் பிடிக்கவேண்டும். சாமி தட்டை ஒட்டிய தணலில் ஏதோ கறுப்பு மணிகளைத் தூவி, எண்ணெய் சொட்டி, மந்திரம் முணுமுணுப்பார். புகை எழும்பும். மடமடவென்று தட்டில் குட்டிக் குட்டி வெள்ளைப் புழுக்கள் விழும். காணிக்கை உறை தடித்திருந்தால் புழுவும் அதிகமாகவே விழும். பேயின் கணக்கு அவ்வளவு நேர்மை!

கூட்டத்தின் ஓரத்தில் எட்டுமாத வயிற்றைத் தாங்கியபடி நின்றாள் பெய்ஜுன். அவளுக்காகத்தான் மாமியார் சூயிங் ஒரு கூண்டு நிறையக் கோழி வளர்த்தாள். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் நல்லெண்ணெயில் இஞ்சி வதக்கி, அரிசிச் சாராயம் ஊற்றிக் கோழி சமைத்துப் போடவேண்டும். கடைக்கோழி வாங்கிப் போட்டால் தெருவே சிரிக்கும். ஆனால் கோழிகளின் கொண்டை வெளுத்துவிட்டது. நெஞ்செலும்பு கத்திபோல் துருத்தியது. எச்சம் தண்ணீராய்ப் போனது. இரண்டு செத்தும் விட்டன. பிரசவத்திற்குள் மீதியாவது பிழைக்குமா என்பதே வீட்டின் கவலை.

சாமி முன்பே வீட்டுக்கு வந்து தாயத்துத் தாளை எரித்து, சாம்பலைக் கோழித் தண்ணீரில் கரைத்திருந்தார். கூண்டைப் பெருக்கினால் பேய் சிதறும் என்று பெருக்கவும் தடை. அதற்கும் கோழி தேறாதபோது, ஆண்டுக்கொரு விலங்கு என்னும் சீனச் சோதிடக் கணக்கை எடுத்துக் கேட்டார்: "வீட்ல நாய் வருஷத்துல பொறந்தது யாரு?"

"என் மருமக, சாமி."

"அப்படிச் சொல்லு! கோழிக்கும் நாய்க்கும் ஒத்துக்குமா? அவ நெழல்கூடக் கூண்டுமேல படக்கூடாது."

மீன்கடை வீட்டில் பிறந்தவள் பெய்ஜுன். பேரம் பேசுகிறவன் வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்தே வளர்ந்தவள். செத்த கோழியைக் கமுக்கமாக அறுத்துப் பார்த்தாள். குடலுக்குள் விரல்நீளப் புழுக்கள், வெந்த அரிசிச் சேமியாபோல் பின்னிக் கிடந்தன. எச்சத்தை டப்பாவில் எடுத்துக்கொண்டு டவுன் கால்நடை மருத்துவரிடம் ஓடினாள். அவர் நுண்ணோக்கியில் புழுமுட்டைகளைக் காட்டி, மருந்து கொடுத்து அனுப்பினார்.

சூயிங் மறித்துக்கொண்டாள். "சாமி பேச்ச மீறி ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது! அவரு எறக்கின புழுவ என் ரெண்டு கண்ணால பாத்தேன்டி!"

"நானும் பாத்தேன் அத்தை. நம்ம கோழிக்குள்ள இருந்தது விரல் நீளம். அவரு தட்டுல விழறது அரிசி நொய்யி. பேய் குட்டி போட்டு அனுப்புதா?"

"வாயக் கழுவு!"

"கழுவிக்கறேன். இன்னொரு கோழியக் கொண்டுபோவோம். புழு விழுந்தா அப்புறம் நான் வாயே தொறக்கல."

அதனால்தான் இப்போது கோயிலில் நிற்கிறார்கள். முறை வந்தது. பெய்ஜுன் கையில் சிவப்புத் துணி மூட்டை. பின்னால் பளபளவென்று வால்சிறகு.

"நாய் வருஷக்காரி, தள்ளி நில்லு!" என்று சீறினார் சாமி. அவள் தள்ளியே நின்று, தடித்த உறையை மட்டும் நீட்டினாள். சாமியின் கோபம் உறைக்குள் போய் ஒளிந்தது.

"சரி சரி, வால மட்டும் நீட்டு."

புகை. மந்திரம். மடமடவென்று புழு!

"ஐயோ, எவ்வளவு!" என்று கூட்டம் வாய்பிளந்தது.

"பொல்லாத பேய்! கோழி இன்னும் ரெண்டு நாள்ல செத்துருக்கும்" என்றார் சாமி.

"அதுக்கு வாய்ப்பில்ல சாமி" என்று பெய்ஜுன் துணியை உதறினாள். உள்ளே இருந்தது வீட்டில் ஒட்டடை அடிக்கும் கோழியிறகுத் துடைப்பம். மூங்கில் கைப்பிடியோடு!

தொத்திறைச்சி சுடும் ஆபின் கத்தினான்: "ஏ அப்பா! மூங்கிலுக்கும் வயித்துல பூச்சியா!" முற்றமே குலுங்கிச் சிரித்தது. சிரிப்பு பொறுக்காமல் கூடைகள் கவிழ, கோழிகள் சாமியின் மஞ்சள் அங்கியில் ஏறி இறங்கின.

பெய்ஜுன் தட்டிலிருந்து ஒரு 'புழு'வைக் கிள்ளி மாமியாரின் மூக்கருகே நீட்டினாள். "மோந்து பாருங்க அத்தை."

"வெங்காய வாசன வருதே!"

"அவரு தணல்ல தூவற கறுப்பு மணி வெங்காயத்தாள் விதை. சூட்டுல வெடிச்சு உள்ள இருக்கற வெள்ள முளை தெறிச்சு விழுது. வேணும்னா துடைப்பமும் வேண்டாம், வெறும் புகையப் போடச் சொல்லுங்க."

சாமியிடம் போடச் சொல்லவே முடியவில்லை. உறைகளை அள்ளிய கையோடு ஸ்கூட்டரை நோக்கி நடந்தார். வழியை மறித்தவள் சூயிங். "எங்கடா போற? உறைய வெச்சிட்டுப் போ! என் மருமகள நாய்ன்னு சொன்ன வாய்க்கு மந்திரம் நான் சொல்றேன், நில்லு!"

அன்றே எல்லாக் கோழிக்கும் ஒரே வேளையில் மருந்து போனது. ஒன்றை விட்டால் அது மற்றவற்றுக்கும் பரப்பும். கூண்டின் பழைய வைக்கோலைச் சூயிங்கே வாரி எரித்தாள். மருந்து புழுவைத்தான் கொல்லும், முட்டையை அல்ல; எனவே மருத்துவர் சொன்ன இடைவெளியில் இன்னொரு முறையும் கொடுத்தார்கள். மருந்தின் வீரியம் இறைச்சியை விட்டுப் போகும்வரை எந்தக் கோழியும் சட்டி ஏறவில்லை. கொண்டைகள் சிவந்தன. பிள்ளை பிறந்ததும் நல்லெண்ணெய் மணம் தெருக்கோடிவரை போனது.

குவோ சாமி இப்போது அடுத்த மாவட்டத்தில் பன்றிகளுக்குப் பேய் ஓட்டுகிறாராம். அங்கேயும் நல்ல கூட்டமாம். தரையில் கிடப்பதையெல்லாம் யோசிக்காமல் கொத்துவது கோழியின் குணம். அதன் மூளை கடலைப்பருப்பளவு. நமக்கு அந்தச் சாக்கும் கிடையாதே!