கட்டடம் தேர்ந்தெடுத்த தலைவர்

நாற்பத்தெட்டு வீட்டுச் சொந்தக்காரர்களும் கீழ்த்தள ஹாலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. கட்டடத்துக்குத்தான் மனசு சரியில்லையாம்!

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் 'சுவர்ஞானி'. சுவரில் காதை வைத்தால் போதும், செங்கல் அவரிடம் கதைகதையாய்ச் சொல்லுமாம். அவரைக் கூட்டி வந்தவர் பில்டர். வீட்டுக்காரர்களுக்கான சங்கத்தை அவரே தொடங்கினார், விதிமுறைகளை அவரே எழுதினார். தலைவரை மட்டும் பெருந்தன்மையோடு கட்டடத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்.

தலைவர் அமரும் முன் விதிமுறைப் புத்தகத்தைத் திறந்தால் சுவரில் விரிசல் விழும் என்றார் ஞானி. வீடு வாங்கும்போது ஒவ்வொரு டைல்ஸையும் தட்டித் தட்டிப் பார்த்த மகா கெட்டிக்காரர்கள், உடனே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

திறந்தவள் ஒருத்திதான், முதல் மாடித் தையற்காரி. பதினோராம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'பின்புறக் காலி மனை பில்டருக்கே சொந்தம். அங்கே இன்னொரு கட்டடம் எழும்பும்.' அவளுடைய தையல் மெஷினுக்கு வெளிச்சம் தரும் ஒரே ஜன்னல் அந்தப் பக்கம். கிரயப் பத்திரத்திலோ அந்த மனை எல்லாருக்கும் பொது.

"அண்ணே, இதைப் படிச்சீங்களா?" என்று பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் நீட்டினாள்.

"ஐயையோ, மூடும்மா! போன வாரம்தான் பெயிண்ட் அடிச்சேன்!"

மேஜைமேல் ஐந்து பெயர்கள், ஐந்து உறைகள். நூலில் தொங்கிய இரும்புக் குண்டை ஞானி ஒவ்வோர் உறையின் மேலும் பிடித்தார். நான்கின்மேல் சும்மா ஆடியது. ஐந்தாவதன்மேல் வெடுக்கென்று இழுபட்டு நடுங்கியது.

"கட்டடம் சொல்லிடுச்சு!"

உறையைப் பிரித்தால் பில்டரின் மைத்துனர்! ஒரே கைதட்டல்.

தையற்காரி கை தட்டவில்லை. சிந்திய ஊசிகளைத் தினமும் காந்தத்தால் பொறுக்குகிறவள் அவள். அந்த வெடுக்கென்ற இழுப்பு அவளுக்குப் பழகியது.

"ஐயா, கட்டடம் பேரைப் பாத்துச் சொல்லுதா, இடத்தைப் பாத்துச் சொல்லுதா?"

"பேரைப் பாத்துத்தான்!"

மைத்துனரின் உறையை மறு ஓரத்துக்குத் தள்ளினாள். அது இருந்த இடத்தில் தரை துடைக்கும் துணியை வைத்தாள். "இப்போ பிடிங்க."

"சக்தி கோவிச்சுக்கும்மா!"

"கோவிச்சா கோவிச்சுக்கட்டும், பிடிங்கய்யா," என்றார் வாட்ச்மேன். "தினம் பன்னெண்டு மணி நேரம் இந்தச் சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கேன். சாப்பிட்டியான்னுகூட ஒரு வார்த்தை கேட்டதில்ல."

வேறு வழியில்லாமல் பிடித்தார். மைத்துனரின் உறைமேல் குண்டு அசையவே இல்லை. துணியின்மேல் பக்தியோடு நடுங்கியது.

"புதுத் தலைவர் வாழ்க!" என்று ஒரு குரல். ஹாலே சிரித்தது. வாட்ச்மேன் மேஜையைக் கவிழ்த்தார். அடியில் ஒட்டியிருந்தது கையகலக் காந்தம்.

ஞானி வாசலைப் பார்த்து நகர்ந்தார். பில்டர் அசரவில்லை. "சரி சரி, எல்லாரும் விதிமுறைப் புத்தகத்துல கையெழுத்தைப் போடுங்க."

"படிக்காமலா?" என்றாள் தையற்காரி. "சங்கம் எங்களோடது சார். விதியைப் படிச்சு, திருத்தி, நாங்களே ஓட்டுப் போடுவோம். தலைவரையும் நாங்களே பாத்துக்கறோம். வீட்டை வித்தாச்சு, நீங்க கிளம்புங்க."

வாத்தியாரே எழுந்து பதினோராம் பக்கத்தை உரக்க வாசித்தார். அதை நீக்க நாற்பத்தெட்டுக் கைகளும் உயர்ந்தன.

வீடு வாங்கிய மகாஜனங்களே! மூளையையும் பில்டர் பெயருக்கு எழுதிக் கொடுத்ததாக உங்கள் பத்திரத்தில் எங்காவது இருக்கிறதா? இல்லையென்றால், அதைக் கொஞ்சம் எடுத்துப் பயன்படுத்துங்களேன்!