டாக்டர் சீட்டைப் படிக்கும் போட்டி

எங்க மருந்துக்கடைக்காரங்க சங்கத்துக் கருத்தரங்கு இந்த வருஷம் செஞ்சியில நடந்துச்சு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் யாரும் தூங்காம பாத்துக்கணும். அதுதான் என் வேலை.

வாயைக் குடுத்து வாங்கிக்கினேன்னு சொல்றதுதான் நியாயம். போன வருஷம் மருந்துப் பாதுகாப்பு பத்தி ஒருத்தர் பேசுனப்ப முதல் வரிசையிலயே குறட்டை.

"புதுசா எதுனா பண்ணணும் பாய். எத்தினி வருஷத்துக்கு மைக்கைப் புடிச்சிக்கினு பேசுறது?"ன்னு தலைவர் அமானுல்லா பாய்கிட்ட நீட்டி முழக்குனேன்.

"அப்ப நீயே பண்ணு குமாரு"ன்னுட்டாரு.

ரெண்டு நாள் யோசிச்சதுல ஒண்ணு மாட்டுச்சு. டாக்டருங்க எழுதுன மருந்துச் சீட்டைத் திரையில பெருசாப் போடணும். இன்னா மருந்துன்னு எல்லாரும் படிக்கணும். நோயாளி பேரு, டாக்டர் பேரு எல்லாத்தையும் மறைச்சிடலாம்.

ஆறு சீட்டு சேத்தேன். ஆறாவது, என் கடைக்கு எதிர்ல கிளினிக் வெச்சிருக்கற டாக்டரோடது. என் பொழப்பே அவரு சீட்டுலதான் ஓடுது. ஆனா அவருக்கு எங்க தெரியப்போவுதுன்னு ஒரு தைரியம்.

அன்னிக்குக் காலையில பாய் வந்தாரு.

"வர்றதா இருந்த சிறப்பு விருந்தினருக்குக் காய்ச்சலாம். நீ கவலைப்படாத, உன் எதிர்ல இருக்கற டாக்டரையே கூப்பிட்டுட்டேன். உனக்கு வேண்டப்பட்டவராச்சே."

ஆறாவது சீட்டே அவரோடதாச்சே!

லேப்டாப்பைப் பாத்துக்கினு இருந்தவன் வல்லத்துல கடை வெச்சிருக்கற சேகர். அவன்கிட்ட ஓடுனேன்.

"சேகரு, ஆறாவதைத் தூக்கிடு."

"தூக்கப் போயி மொத்தமும் போயிடப் போவுது. அஞ்சோட நிறுத்திக்கறேன், போ."

போட்டி ஆரம்பிச்சுது. நானே எதிர்பாக்கல, பிச்சிக்கினு போச்சு.

ரெண்டாவது சீட்டைப் பாத்து ஒருத்தரு, "தூக்க மாத்திரை"ன்னாரு. பக்கத்துல இருந்தவரு, "யோவ், அது பேதி மருந்து"ன்னாரு. "ரெண்டையும் சேத்துக் குடுத்துட்டா கஷ்டம்பா"ன்னு பின்னாலருந்து ஒரு குரல். மண்டபமே சிரிக்குது. எல்லாரையும்விட ஜாஸ்தி சிரிச்சது டாக்டர்தான்.

அஞ்சாவது முடிஞ்சதும் மைக்கை வாங்குனேன்.

"இத்தோட போட்டி முடியுது."

"திரை மூலையில ஆறுல அஞ்சுன்னு போட்டிருக்குதே. இன்னொண்ணு எங்க?"ன்னு கூட்டத்துலருந்து ஒருத்தரு கேட்டாரு.

"அது அவ்ளோ நல்லா இல்லீங்க."

"நல்லா இல்லாததைத்தான போடணும்?"

டாக்டரே எழுந்துட்டாரு. "போடுங்க குமார், நல்லாத்தானே போவுது." சிறப்பு விருந்தினரே சொன்னப்புறம் சேகர் என்னை எங்க பாக்கறான்? தட்டிட்டான்.

எல்லாரும் கண்ணைச் சுருக்கிப் பாத்தாங்க. அப்புறம் ஒருத்தரு, "கோழி கெளறிட்டுப் போயிருக்குது"ன்னாரு. "ஈசிஜியை மாத்திப் போட்டுட்டியா சேகரு?"ன்னு இன்னொருத்தரு.

டாக்டர் மைக்கைக் கையில எடுத்தாரு. "இந்த மாதிரி ஆளுங்களாலதான் எங்க தொழிலுக்கே கெட்ட பேரு. சரி, நான் படிக்கறேன். முதல் வரி, இருமல் மருந்து."

நடுவர் நான்தான். "இல்ல சார்"ன்னேன்.

"அப்ப நீங்க படிங்க."

"மூட்டு வலி மாத்திரை சார். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ரெண்டாவது வயித்துப் புண்ணுக்கு."

கைதட்டுனாங்க. "இதை எப்படிய்யா படிச்ச?"ன்னு பாய் கேட்டாரு. பெருமையில வாய் சும்மா இருக்கல. "தினம் படிக்கறதுதான பாய்"ன்னுட்டேன்.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கினு திரைகிட்ட போனாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. பேரை மறைச்சிருந்தேன். கையெழுத்தோட வாலை மறைக்கல.

"குமார்... இந்தக் கடைசிச் சுழி..."

"ஆமா சார்."

மெதுவாத்தான் சொன்னேன். ஆனா அவரு கையில மைக்கு இருந்துச்சு.

அதுக்கப்புறம் மண்டபத்துல ஒருத்தரும் தூங்கல. டாக்டர் ரெண்டு நிமிஷம் பேசிட்டு, சால்வைகூட வாங்காம கெளம்பிட்டாரு.

மறுநாள் காலையில மன்னிப்புக் கேக்கப் போனேன். திட்டுவாருன்னு நெனச்சேன். அவரு நாற்காலியைக் காட்டி உக்காரச் சொன்னாரு.

"தப்பு என்மேலதான் குமார். ஒருத்தருக்கு மருந்து மாறிப் போயிருந்தா?"

அன்னியிலருந்து ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியா, அச்சடிச்ச மாதிரி எழுதறாரு. சிநேகமும் கெடல, எனக்கும் மனசு லேசாயிடுச்சு.

ஒரு வாரம் கழிச்சுதான் ஒண்ணு உறைச்சுது. இத்தினி வருஷமா அந்த எழுத்தைப் படிக்கத் தெரிஞ்ச ஒரே கடை என்னோடது.

இப்ப அவரு சீட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எல்லாக் கடையிலயும் சரளமாப் படிக்கறாங்க.