நாற்பதைத் தாண்டினால் வரும் சத்தம்

அன்பு மைத்துனருக்கு அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நீங்கள் கொடுத்த காரைத் தவிர அனைவரும் நலம். அங்கே உங்கள் நலமும், நீங்கள் புதிதாக வாங்கியிருக்கும் காரின் நலமும் அறிய ஆவல்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய காரின் சாவியை என் கையில் கொடுத்தபோது, "பேரிங் நாலும் புதுசு அத்தான், கண்ண மூடிட்டு ஓட்டலாம்" என்றீர்கள். கண்ணை மூடலாம், காதை எப்படி மூடுவது? வேகம் நாற்பதைத் தாண்டியதும் சக்கரத்திலிருந்து 'ஊம்ம்' என்று ஒரு சத்தம். பேரிங் போய்விட்டது என்று நான் அன்றே சொன்னேன். உங்கள் அக்கா, டயர் தேய்ந்திருக்கிறது என்றாள். தம்பி சொன்ன பேரிங்கை அக்கா விட்டுக்கொடுப்பாளா? நான் தட்டச்சு வகுப்பு நடத்தியவன். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாலும் யார் எந்த எழுத்தைத் தப்பாகத் தட்டினார்கள் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட காதைச் சந்தேகப்பட்டால் மனுஷனுக்குக் கோபம் வருமா வராதா?

பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் சத்தம் வராது, ஓடினால்தானே வரும். ஆகவே வழியெல்லாம் அதே சுருதியில் முனகிப் பழகிக்கொண்டு போய், மெக்கானிக் முன்னால் முனகிக் காட்டினேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை கேட்டார். பிறகு காரை ஜாக்கியில் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார், சுற்றிவிட்டுக் காது கொடுத்தார். "ஆட்டமும் இல்ல, கரகரப்பும் இல்ல. பேரிங் நல்லாருக்கு சார். டயரத் தடவிப் பாருங்க, மேடும் பள்ளமுமா தேஞ்சிருக்கு" என்றார். தடவினேன். தேய்ந்துதான் இருந்தது. அரை மனதோடு நாலு டயரையும் மாற்றினேன். கூட வந்திருந்த உங்கள் அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே, நாற்பதைத் தாண்டியதும் அதே 'ஊம்ம்'. "கேக்குதா?" என்றேன். "கேக்குது" என்றாள், ஒரு மாதிரியாக. சும்மா விடுவேனா? வழவழப்பான தார் சாலையில் ஓட்டினேன். டயர் சத்தமென்றால் அங்கே குறைய வேண்டும், துளியும் குறையவில்லை. ஆளில்லாத சாலையில் இடதும் வலதுமாக வளைத்து ஓட்டினேன். வளைக்கும்போது கூடினால் பேரிங்தான் என்பார்கள். கூடியது. எவ்வளவுக்கு மூச்சைப் பிடித்து ஸ்டியரிங்கைத் திருப்பினேனோ அவ்வளவுக்குக் கூடியது. மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் சக்கரத்தை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "சார், கொஞ்சம் பேசாம ஓட்டுங்க" என்றார். நான் ஒரு வார்த்தை பேசியிருந்தால் கேளுங்கள்.

இப்போது உங்கள் அக்கா பின் இருக்கைக்குப் போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று சொல்லிக்கொண்டு வந்தவள், "முன்னாடி உக்காந்தா காது வலிக்குது" என்கிறாள். முன் சக்கரத்துப் பேரிங் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கடை வாசலில் நான் டிரைவர் போலவும் அவள் பெரிய இடத்து அம்மா போலவும் இறங்குகிறோம். அடுத்த மாதம் மகள் வீட்டுக்கும் காரில் வரமாட்டாளாம், பஸ்தானாம். மைத்துனரே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பக்கத்து இருக்கை காலியாக இருப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆகவே பேரிங் பழையதுதான் என்று ஒரு வரி ஒப்புக்கொண்டு, காரையும் வந்து ஓட்டிக்கொண்டு போகவும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது எனக்கும் தெரியும். நான் பார்த்தது பல்லை அல்ல, சக்கரத்தை.

உங்கள் மனைவிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு ஆசி. புதுக் காராவது சத்தமில்லாமல் நூறாண்டு ஓடட்டும்.

இப்படிக்கு,
அன்பும் மனவருத்தமும் சம அளவில் உள்ள
அத்தான்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. தபாலில் போடக் கிளம்பியபோது உங்கள் அக்கா சாவியை வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு நான் ஓட்டுறேன்" என்று என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் வாயில் ஒரு மிட்டாயைப் போட்டாள். நாற்பது, ஐம்பது, அறுபது. சத்தமே இல்லை. மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "எங்க போச்சு?" என்றேன். "டயர் மாத்தின அன்னிக்கே போச்சு. அதுக்கப்புறம் நீங்கதான்" என்றாள். முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். "உங்க காத யாரு சந்தேகப்படுறது?" என்றாள். ஆகவே மேலே உள்ளதை நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளவும். கார் இங்கேயே இருக்கட்டும். அடுத்த மாதம் மகள் வீட்டுக்குக் காரில்தான் போகிறோம். நான்தான் ஓட்டுகிறேன். மிட்டாய் டப்பா அவள் மடியில் இருக்கும், அவள் என் பக்கத்தில் இருப்பாள்.