ஸ்ட்ரெச்சர்காரருக்குச் சிவப்பு அட்டை

ஸ்ட்ரெச்சரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். இந்த விஷயத்தில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை, கால்பந்து சம்மேளனம் தலையிடுகிற வரைக்கும்.

நகரத்துப் பெரிய மைதானத்தில் முன்னால் பிடிப்பவருக்கு வயது நாற்பத்தெட்டு. பத்தொன்பது வருஷமாக முன்பக்கத்தையே பிடித்து வந்ததால் எல்லோரும் அவரை முன்பிடி என்று கூப்பிட்டார்கள். பின்னால் பிடிப்பவர் அவருடைய மனைவியின் தம்பி. ஆகவே அவர் பின்பிடி. மைத்துனன்தானே என்று பின்னால் தள்ளிவிட்டார் என யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் போகிறவருக்கு வழி தெரிய வேண்டும், பின்னால் வருகிறவருக்கு உயரம் வேண்டும், அவ்வளவுதான். வாரத்தில் ஆறு நாள் முன்பிடிக்கு ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் அவர் தன்னை ஒரு ஆளாக நினைத்துக்கொள்வார். பச்சை மேலங்கியை மாட்டிக்கொண்டு, முப்பதாயிரம் பேர் பார்க்கப் புல்லில் கால் வைக்கிற நாள் அது.

அந்தப் பச்சைதான் வினையாயிற்று. அன்று விளையாட வந்த வெளியூர் அணியின் சட்டையும் அதே பச்சை.

ஆட்டம் முடிய இருபது நிமிஷம் இருந்தபோது, வெளியூர் அணியின் தாடிக்காரத் தடுப்பாட்டக்காரர் உள்ளூர் வீரர் ஒருவரை முழங்காலில் உதைத்தார். பந்து அப்போது மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. விழுந்தவரைச் சுற்றி இரண்டு அணியும் கூடி நெட்டித் தள்ளிக்கொண்டிருக்க, முன்பிடியும் பின்பிடியும் ஸ்ட்ரெச்சரோடு உள்ளே புகுந்தார்கள். நடுவர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்து, பையிலிருந்து சிவப்பு அட்டையை உருவி உயரத் தூக்கினார். சரியாக அந்த நேரம் பார்த்துத் தாடிக்காரர் குனிந்து பூட்ஸ் கயிறு கட்ட ஆரம்பித்தார். அட்டைக்கு நேர் எதிரே பச்சையாக நின்றுகொண்டிருந்தது முன்பிடி.

வெளியூர் கேப்டன் சமயோசிதம் தெரிந்தவர். அட்டை காட்டியாயிற்று, அந்த ஆள் வெளியேறட்டும், ஆட்டத்தைத் தொடரலாம் என்று சொல்லிக்கொண்டே பந்தை வைத்து உதைத்தும்விட்டார். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் கொடுத்த தீர்ப்பை மாற்றக் கூடாது என்பது விதி. நடுவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். முன்பிடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியேறினார். அடிபட்ட வீரர் நொண்டிக்கொண்டே அவர் பின்னால் போனார். கடைசி நிமிஷத்தில் தாடிக்காரர் தலையால் முட்டி ஒரு கோல் போட, வெளியூர் அணி ஜெயித்தது.

நடுவர் நேர்மையானவர். அன்றைக்கே அறிக்கை எழுதினார். தாடிக்காரருக்குக் காட்ட வேண்டிய அட்டையைத் தவறுதலாக ஸ்ட்ரெச்சர்காரருக்குக் காட்டிவிட்டேன் என்று ஒளிக்காமல் எழுதினார். அறிக்கை மறுநாளே திரும்பி வந்தது. படிவத்தில் சிவப்பு அட்டைக்கான காரணங்கள் ஏழு அச்சிடப்பட்டிருக்கின்றன, அவற்றில் ஒன்றைக் குறிக்கவும், 'தவறுதலாக' என்பது அந்த ஏழில் இல்லை என்று குறிப்பு. நடுவர் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எட்டாவதாக அதைத் தன் கையாலேயே எழுதி அனுப்பினார். சம்மேளனத்தின் படிவத்தைச் சேதப்படுத்தியதற்கு மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்கவும் என்று பதில் வந்தது. மூன்றாவது முறை காரணத்தையே எழுதாமல், சம்மேளனம் எப்படி முடிவு செய்தாலும் சரி என்று கையெழுத்துப் போட்டார். அது உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சம்மேளனத்தின் செயலாளர் மோசமான மனிதர் அல்ல. அவருடைய கஷ்டம் அவருக்கு. அட்டை தவறு என்று ஒப்புக்கொண்டால் ஆட்டத்தை மறுபடி நடத்த வேண்டும். இதை நடத்தினால், சென்ற வருஷம் வந்து பீரோவில் தூங்கும் நாற்பது புகார்களும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அட்டை சரி. அட்டை சரி என்றால் குற்றம் நடந்திருக்கிறது. நடந்த குற்றம் எது என்பது மட்டும்தான் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள முன்பிடிக்கு ஓலை போயிற்று.

விசாரணை இரண்டாம் மாடியில் நடந்தது. அந்த அறையின் ஏசி குற்றம் சாட்டப்பட்டவரின் நாற்காலிமேல் மட்டும் அடித்தது. செயலாளர் கைக்குட்டையை நான்காக மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுத் தொடங்கினார்.

"நீங்க என்ன குற்றம் பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல சார். அடிபட்டவரத் தூக்கப் போனேன்."

"குற்றம் பண்ணாதவருக்குச் சிவப்பு அட்டை காட்ட விதியில இடமே இல்ல. ஆனா உங்களுக்குக் காட்டியிருக்கு. அப்போ என்ன அர்த்தம்?"

"ஆள் மாறிப் போச்சு சார். நடுவரே அப்படித்தான் சொல்றாரு."

"நடுவர் சொல்றத நாங்க எப்பவும் மதிக்கிறோம். மைதானத்துக்குள்ள சொல்றத. வெளியில வந்து சொல்றதுக்கு அவருக்கு அதிகாரம் கிடையாது."

பிறகு ஏழு காரணங்களையும் ஒவ்வொன்றாகப் படித்துக் கேட்டார். துப்பினீர்களா என்றதற்கு, நாக்கே வறண்டு போயிருந்தது என்றார் முன்பிடி. கடித்தீர்களா என்றதற்கு, கடைவாய்ப் பல் இரண்டு இல்லை என்றார். கெட்ட வார்த்தை சொன்னீர்களா என்றதற்கு, வழி விடுங்கள் என்று மட்டும் சொன்னதாகச் சொன்னார். செயலாளர் சோர்ந்துபோய் நாற்காலியில் சாய்ந்தார். அப்புறம் ஏதோ தோன்றியவர்போல் நிமிர்ந்தார்.

"கையில என்ன வெச்சிருந்தீங்க?"

"ஸ்ட்ரெச்சர் சார்."

"எவ்வளவு நீளம்?"

"ஆறரை அடி இருக்கும். ரெண்டு பக்கமும் அலுமினியக் குழாய். நடுவுல துணி."

செயலாளர் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னார்: "கலவரம் நடந்துகொண்டிருந்த இடத்துக்குள், ஆறரை அடி நீளமுள்ள இரண்டு உலோகக் குழாய்களுடன், உயரமான கூட்டாளி ஒருவர் பின்தொடர, அத்துமீறிப் பிரவேசித்தார்."

அதைக் கேட்டதும், இப்படிப்பட்ட ஒருவனை மைதானத்துக்குள் விட்டிருக்கவே கூடாது என்று முன்பிடிக்கே தோன்றிவிட்டது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்று ஆட்டங்களுக்குத் தடை. முன்பக்கத்தை யார் பிடிப்பார்கள் என்று மட்டும் கேட்டார். அவருக்குத் தடைதானே தவிர வேலை போகவில்லை, ஆகவே பணியிடம் காலியாக இல்லை, காலியில்லாத இடத்தில் வேறு ஆளைப் போட முடியாது என்று விளக்கினார்கள். பின்பிடிக்குத் தடை எதுவும் இல்லை, அவர் வழக்கம்போல் கடமையாற்றலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்பிடி தனியாகக் கடமையாற்றினார். முதல் பாதியில் உள்ளூர் வீரர் ஒருவர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று தடவை உருண்டார். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தால், ஒரு நெட்டை ஆள் ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்து, மறுமுனை தரையில் இடிக்க இடிக்கத் தரதரவென்று இழுத்துக்கொண்டு தன்னை நோக்கி வருவது தெரிந்தது. வீரர் எழுந்து ஓடிவிட்டார். அன்றைய ஆட்டத்தின் மிக வேகமான ஓட்டம் அதுதான் என்று மறுநாள் பத்திரிகையில் எழுதினார்கள்.

செய்தி பரவிற்று. ஒரு ஆட்டத்துக்கு முப்பத்தொரு பேர் விழுந்துகொண்டிருந்த மைதானத்தில் நான்கு பேர்தான் விழுந்தார்கள். செயலாளர் நிருபர்களைக் கூட்டி, நீண்ட ஆலோசனைக்குப் பின் தொலைநோக்கோடு எடுக்கப்பட்ட முடிவு இது என்றார். மற்ற மைதானங்களும் பின்தங்க விரும்பவில்லை. 'ஸ்ட்ரெச்சர் இல்லா மைதானம்' என்று எங்கே பார்த்தாலும் பேனர் கட்டினார்கள். ஸ்ட்ரெச்சர் படத்தின் குறுக்கே கோடு போட்ட பேட்ஜ் ஒன்று வந்தது. அதைக் குத்திக்கொள்ளாமல் கால்பந்தைப் பற்றிப் பேசுவது நாகரிகமில்லை என்று ஆயிற்று. முன்பிடியின் தடை, பொதுநலன் கருதி, சீசன் முடியும் வரை நீட்டிக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் முன்பிடிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவர் மனைவி முன்னறையில் தையல் மெஷின் வைத்து, துணிகளைப் பிடித்தும் விட்டும் கொடுக்கிறவர். அவர் ஊசியிலிருந்து கண்ணை எடுப்பதற்குள் முன்பிடி நூல்கண்டுகளையெல்லாம் நிறம் பார்த்து அடுக்கி, பிறகு அளவு பார்த்துக் கலைத்து வைத்திருப்பார். நாலாவது வாரம் மனைவி அவர் கையில் ஒரு கேலரி டிக்கெட்டைத் திணித்து, எல்லோரையும்போல் போய் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்.

மேலிருந்து அவர் ஆட்டத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கீழே நின்றால் வியர்வையும் முகமும்தான் தெரியும். மேலேயிருந்து கோடெல்லாம் தெளிவாகத் தெரிந்தது, யார் யாரைத் தள்ளினார்கள் என்பதும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. இவ்வளவு வெளிச்சமான விஷயம் நடுவருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. முதல் வாரம் சும்மா இருந்தார். இரண்டாம் வாரம் உச்சுக் கொட்டினார். மூன்றாம் வாரம் எழுந்து நின்றார். பத்தொன்பது வருஷம் கூட்டத்தை விலக்கிப் பழகிய தொண்டை அது. நடுவரால் பாதிக்கப்பட்டவர் என்கிற மரியாதை வேறு. சீக்கிரமே கிழக்குக் கேலரியில் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எல்லோரும் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கத்தினார்கள். இத்தனை வருஷம் புல்லில் நடந்தபோதுகூட இப்படி ஒரு மவுசு இருந்ததில்லை என்பதை அவர் கவனிக்காமல் இல்லை.

சீசனின் கடைசி ஆட்டம். அதே நடுவர். முப்பதாவது நிமிஷத்தில், யாரும் பக்கத்தில் இல்லாதபோது, திரும்பி ஓடப் பார்த்த நடுவர் சட்டென்று குதிகாலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மைதானம் மூன்று நொடி அமைதியாக இருந்தது. கிழக்குக் கேலரி முன்பிடியைப் பார்த்தது.

"நடிக்கிறான். நம்பாதீங்க!" என்றார் முன்பிடி.

முப்பதாயிரம் பேரும் பிடித்துக்கொண்டார்கள். கைதட்டித் தாளம் போட்டு எழுந்திரு, எழுந்திரு என்றார்கள். வீரர்கள் நடுவரைச் சூழ்ந்து நின்று கடிகாரத்தைக் காட்டினார்கள். நடிப்புக்காக அவருக்கு மஞ்சள் அட்டை கொடுக்க வேண்டும் என்றுகூட ஒரு கேப்டன் வாதாடினார். ஆனால் அட்டை நடுவர் பையில் இருந்தது. பின்பிடி ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றார். அதற்குமேல் ஒருவராகச் செய்ய எதுவுமில்லை.

நாலைந்து நிமிஷம் போன பிறகுதான் முன்பிடி சரியாகப் பார்த்தார். நடுவர் உருளவில்லை. சட்டைக் கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். முன்பிடி இத்தனை வருஷம் தூக்கியவர்களில் உருண்டவர்கள் எல்லோரும் கோட்டைத் தாண்டியதும் இறங்கி நடந்தவர்கள். துணியைக் கடித்தவர்களை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. முன்பிடி எழுந்தார். படிகளில் இறங்கி வாசலுக்கு ஓடினார். அங்கே பேட்ஜ் குத்திக்கொண்டு செயலாளரே நின்றிருந்தார்.

"சார், உள்ள விடுங்க. அவருக்கு நிஜமாவே அடி."

"நீங்க தடையில இருக்கீங்க."

"அப்போ வேற யாரையாவது அனுப்புங்க."

"பணியிடம் காலியா இல்லையே." செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. சற்று யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "தடை ஸ்ட்ரெச்சர்காரருக்குத்தான். ரசிகர் யாராவது வேலி தாண்டிக் குதிச்சா, அது போலீஸ் விஷயம். சம்மேளனத்துக்குச் சம்பந்தமில்ல."

சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முன்பிடி வேலியில் ஏறினார். நாற்பத்தெட்டு வயசில் குதிக்க முடியாது. பேன்ட் கிழிய வழுக்கி இறங்கினார். இரண்டு போலீஸ்காரர்கள் துரத்திக்கொண்டு வந்தார்கள். அவர் நேரே போய் முன்பக்கத்தைப் பிடித்து, தூக்கு மாப்பிள்ளை என்றார். இருவரும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நடுவில் கைது செய்வதா வேண்டாமா என்று தெரியாமல் போலீஸ்காரர்கள் இரண்டு பக்கமும் கூடவே ஓடினார்கள். டிவியில் பார்த்தவர்களுக்கு அது ராஜ மரியாதைபோல் இருந்தது.

நடுவர் புல்லில் கிடந்தது பதினொரு நிமிஷம். குதிகால் நரம்பு அறுந்திருந்தது. தனக்கு அட்டை காட்டியவரையே தாங்கிச் செல்லும் முன்பிடியின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஜனங்கள் கண்கலங்கினார்கள். பேட்ஜ்களைக் கழற்றி எங்கே போட்டார்கள் என்றே தெரியவில்லை. சம்மேளனம் மனிதாபிமான அடிப்படையில் தடையை நீக்கியது. அட்டை சரியானதே என்பதையும் அதே கடிதத்தில் தெரிவித்துக்கொண்டது.

அடுத்த சீசனின் முதல் ஆட்டத்தன்று முன்பிடிக்குக் கேடயம் கொடுத்தார்கள். நடுவர் கக்கத்தில் ஊன்றுகோலோடு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வலியக்கூடத் தாங்கிட்டேன்," என்றார் நடுவர் மெதுவாக. "ஆனா முதல்ல ஒரு குரல் கேட்டுச்சு பாருங்க. இன்னும் தூக்கத்துல அதுதான் கேக்குது."

முன்பிடி அப்போது உண்மையிலேயே சொல்லிவிட நினைத்தார். வாயைக்கூடத் திறந்தார். அந்த நேரம் பார்த்து யாரோ மைக்கை நீட்டினார்கள். முப்பதாயிரம் பேர் காத்திருந்தார்கள். கேலரியிலிருந்து அன்று குரல் கொடுத்தவன் யாராக இருந்தாலும் கண்டுபிடித்து, ஆயுசுக்கும் மைதானத்துக்குள் விடக் கூடாது என்று அவர் சொன்னார். அன்று கத்திய அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி மட்டும் தட்டவில்லை. நடுவர் விழுந்த ஆட்டத்தை அவர் டிவியில் கேட்டுக்கொண்டேதான் தைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குரலோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்துகிறவர்.

கோரிக்கையை ஏற்றுச் சம்மேளனம் ஒரு குழு அமைத்தது. தலைவர் செயலாளர். சம்பவத்தின்போது அதே கேலரியில் இருந்தவர் என்கிற தகுதியில் முன்பிடி உறுப்பினர்.

"குரல் எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?" என்று தலைவர் கேட்டார்.

"எனக்குப் பின்னாலருந்து சார்."

"எத்தன வரிசை பின்னால?"

முன்பிடி விரல்களை மடக்கி எண்ணினார். "அஞ்சு வரிசைக்குள்ளதான்," என்றார்.

குழுவின் தீர்ப்புப்படி இப்போது கிழக்குக் கேலரியில் ஐந்து வரிசைகள் கயிறு கட்டிக் காலியாகக் கிடக்கின்றன. முன்பிடி ஸ்ட்ரெச்சரோடு அந்தப் பக்கம் போகும்போது நேரே பார்த்துக்கொண்டு நடக்கிறார். கயிறு கட்டிய வரிசைகளில் உட்கார்ந்திருந்த அறுநூறு பேரும் வேறு வரிசைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, எப்படியோ சரியான ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று திருப்தியாகப் பேசிக்கொள்கிறார்கள்.