டிக்கியில் குடியிருந்த பென்சீன்

காற்றை அளக்கப் போனவளும் நான்தான், அந்த அளவைக் கெடுத்து வைத்தவளும் நான்தான். எங்கள் வீட்டில் வேறு யாராவது உங்களிடம் சொல்வதற்குள் நானே ஒப்புக்கொண்டுவிடுவது மரியாதை.

அப்போது கோவையில் ஒரு கல்லூரியில் ஆறு மாத ஒப்பந்தத்தில் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். வீடுகளுக்குள் மக்கள் எவ்வளவு பென்சீனைச் சுவாசிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். பெட்ரோல், சிகரெட் புகை இவற்றிலிருந்து வரும் பொல்லாத ஆவி அது. நாளடைவில் ரத்தத்தையே கெடுக்கும். அந்த ஆவியை உறிஞ்சிப் பிடிக்கும் விரல் நீளக் குழாய் ஒன்றைக் கூடத்தில் ஒரு வாரம் தொங்கவிட்டு, மூடி எடுத்துவந்து ஆய்வகத்தில் கொடுத்தால் என் வேலை முடிந்தது. (இதற்கு எம்.எஸ்சி. முதல் வகுப்பு!) ஒழுங்காகச் செய்தால் ஒப்பந்தத்தை நீட்டிப்பதாக, ஆராய்ச்சியை நடத்திய மேடம் சொல்லியிருந்தார். நீட்டிக்காவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பதாக அப்பா சொல்லியிருந்தார். எனக்கு வேலைதான் வேண்டும்.

மூடிய குழாய்க்குள்ளும் வெளி ஆவி மெல்லப் புகுந்துவிடும் என்பதால், குழாய்களை வைக்க, காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பா ஒன்று கொடுத்தார்கள். அருமையான டப்பா. குழம்பை ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு ஒழுகாது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதில்தான் என் மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோனேன். குழாய்கள் ஸ்கூட்டர் டிக்கிக்குள் போயின. அங்கே ஏற்கெனவே தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் இருந்தது. (பல்லடம் ரோட்டில் ஒருமுறை வண்டியைத் தள்ளிக்கொண்டே போன அனுபவம் தந்த முன்னெச்சரிக்கை.) அதன் மூடி லேசாகக் கசியும்.

பல்லடத்தில் விசைத்தறி வைத்திருக்கும் சண்முகம் ஐயா வீடும் என் பட்டியலில் இருந்தது. கூடத்திலேயே பைக், பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் சிகரெட்டோடு அவர். மகன் கார்த்தி ஸ்டூலில் ஏறிக் குழாயை மாட்டித் தந்தார்.

அந்த வீட்டுக் குழாயின் முடிவைப் பார்த்து மிரண்டுபோனேன். பெட்ரோல் பங்க்கில் குடித்தனம் நடத்தினால்தான் அப்படி வரும்! மேடத்திடம் காட்டுவதற்கு முன்பே ஐயாவின் மனைவி ருக்மணியம்மாவுக்குப் போன் போட்டேன். (கூடாதுதான். உயிரைக் காப்பாற்றுகிற அவசரத்தில் விதியாவது ஒன்றாவது.)

"ஏனுங்கம்மா, உங்கூட்டுல பென்சீன் ரொம்ப அதிகமுங்க. பைக்கை வெளிய நிறுத்தச் சொல்லுங்க. ஐயா சிகரெட்டையும் வெளிய போய்ப் புடிக்கட்டுமுங்க."

"கண்ணு, கல்யாணமான நாள்ல இருந்து நானும் இதைத்தான் சொல்றேன். இப்ப மெசினே சொல்லிப்போடுச்சு!" குரலில் கவலையே இல்லை. சந்தோஷம் பொங்கியது.

இரண்டு வாரம் கழித்து மேடம் கூப்பிட்டார்.

"எல்லா வீட்டுலயும் அதிகம். அது கிடக்கட்டும். எங்கேயும் திறக்காம, சரிபார்க்கறதுக்காக உன்கூடவே போய்ட்டு வந்த குழாய் ஒண்ணு இருந்துச்சே, அதுலதான் இருக்கறதுலயே அதிகம். அதை எங்கம்மா வெச்சிருந்தே?"

"டிக்கியில, மேடம்."

"அந்த டிக்கியில யாராவது குடியிருந்தா உடனே காலி பண்ணச் சொல்லு."

பிறகு டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே பருப்புக் குழம்பு. வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லி, புதுக் குழாய் மாட்டிவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்.

பல்லடத்தில் மழை. சண்முகம் ஐயா குடை பிடித்துக்கொண்டு, தெருவில் நனையும் பைக்குக்குப் பக்கத்தில் நின்று புகைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிகரெட்டை அணைத்துவிட்டு ஓடிவந்தார்.

"வாங்க அம்மணி! காத்து சுத்தமாயிருச்சுங்களா? உள்ள போலாமுங்களா?"

வெட்கத்தில் எனக்கு உயிரே போயிற்று. "தப்பு எம்மேலதானுங்க ஐயா. டிக்கியில பெட்ரோல் வெச்சிருந்தேனுங்க. உங்கூட்டுக் காத்து எப்படி இருந்துச்சுன்னே தெரியாதுங்க."

"அப்ப ரெண்டு வாரமா நான் உங்க டிக்கிக்காகத்தான் நனைஞ்சனுங்களா?"

உள்ளேயிருந்து ருக்மணியம்மா வந்தார். "ஏனுங்க, அந்தப் புள்ள தெரியாதுன்னுதான சொல்லுது? பென்சீன் இல்லைன்னா சொல்லுச்சு? தெரியற வரைக்கும் வெளியவே நில்லுங்க!"

புதுக் குழாயில் பென்சீன் குறைவாக வந்தது. "எங்கூடு எப்பவுமே இப்படித்தானுங்க" என்றார் ஐயா. "நீங்க வெளிய நின்னதாலதானுங்க" என்றார் அந்தம்மா. பழைய அளவு என் புண்ணியத்தில் நாசமாகிவிட்டதால், யார் சொல்வது சரி என்று இனி எந்த விஞ்ஞானியாலும் நிரூபிக்க முடியாது.

ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. நன்றாக அழுதேன். அப்பா சொன்னபடி மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தார். முதலில் வந்த வரனே பல்லடம் கார்த்தி. (குழாயைத் திரும்ப மாட்ட ஸ்டூலில் ஏறியவர், இறங்க ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று அப்போதுதான் புரிந்தது.) பெண் பார்க்க வந்த சண்முகம் ஐயா என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

"சமையலெல்லாம் கெடக்கட்டுமுங்க அம்மணி. இன்னும் அதே பெட்ரோல் வண்டிதானுங்களா?"

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. மாமனார் இன்றைக்கும் தெருவில் நின்றுதான் புகைக்கிறார். வருகிற சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல், ஏனுங்க வெயிலில் நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். அவர் என்னைக் கை காட்டிச் சொல்வார்:

"எம்பட மருமவ எங்கூட்டுக் காத்தை ஆராய்ச்சி பண்ணுதுங்க. இன்னும் முடிவு வரலைங்க."