சும்மா இருப்பதற்கு ஒரு சந்தா

முகவரி மாற்ற அலுவலகத்தில் வேலை பார்க்கும் பதினேழு பேருக்கும் பொழுதுபோக்கு என்று ஏதாவது இருக்கிறதா, இருந்தால் அதற்கு எந்தப் பத்திரிகை பொருத்தம் என்று தலைமையகம் திடீரென்று கவலைப்பட ஆரம்பித்தது. கவலை சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தது.

‘ஓய்வுநேர ஆர்வம் உடைய ஊழியர் மலர்ந்த முகத்துடன் பணிபுரிவார் என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டுள்ளமையால், ஊழியர் ஒவ்வொருவரும் தமது ஆர்வத்தை உரிய படிவத்தில் மூன்று பிரதிகளில் தெரிவித்து, அதற்கேற்ற பருவ இதழ் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு பணிக்கப்படுகிறார். சந்தாவை அலுவலகமே ஏற்கும். முகம் மலர்ந்ததா என்பது ஆறு மாதம் கழித்து ஆய்வு செய்யப்படும்.’

கூடவே அறுபத்து நான்கு பத்திரிகைகளின் பட்டியல். மீன்பிடித்தல், மலையேற்றம், பின்னல்வேலை, நட்சத்திரம் பார்த்தல், பழைய கடிகாரம் சேகரித்தல் என்று மனித குலம் பொழுதைப் போக்கக் கண்டுபிடித்த அத்தனை வழிகளும் அதில் இருந்தன.

ஓசியில் கிடைக்கும் பத்திரிகையை யார் விடுவார்கள்? கண்காணிப்பாளர் மீன்பிடித்தலைத் தேர்ந்தெடுத்தார். வாளியில் நிரம்பிய தண்ணீரைப் பார்த்தாலே தலைசுற்றும் மனிதர் அவர். ஆனால் இயக்குநருக்கு மீன்பிடித்தலில் பிரியம் என்று எங்கேயோ காதில் விழுந்திருந்தது. டைப்பிஸ்ட் மலையேற்றத்துக்குக் குறி போட்டாள்.

“மாடிப்படி ஏறினாலே உனக்கு மூச்சு வாங்குமே?” என்று டிரைவர் கேட்டார்.

“அந்தப் பத்திரிகைக் காகிதம்தான் அண்ணே வழவழன்னு இருக்கும். பசங்க நோட்டுக்கு அட்டை போடலாம்.”

டிரைவர் நட்சத்திரம் பார்ப்பதை எடுத்துக்கொண்டார். ஏதோ ஜோசியம் என்று நினைத்துவிட்டார்.

மிச்சம் இருந்தது பதிவேட்டக்கா ஒருத்திதான். பழைய முகவரியைச் சிவப்பு மையில் அடித்து, புதிய முகவரியை நீல மையில் எழுதி, ஓரத்தில் முத்திரை குத்துவது அவள் வேலை. பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாள். வீட்டில் கணவர், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். அங்கே அவள் உட்கார்ந்தால் போதும், யாருக்காவது ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். பேருந்தில் நிற்க இடம் கிடைப்பதே பாக்கியம். நாள் முழுவதிலும் அவளுக்கே அவளுக்கென்று இருந்தது மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிஷம். செருப்பைக் கழற்றிவிட்டு, எதிர் நாற்காலியில் காலை நீட்டி, சன்னலுக்கு வெளியே எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டாள்.

ஆகவே படிவத்தில் மனசாட்சிப்படி எழுதினாள்: ‘ஆர்வம்: சும்மா இருத்தல்.’

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

“என்னம்மா இது? இதெல்லாம் ஒரு ஆர்வமா?”

“ரொம்ப ஆர்வம் சார்.”

“பட்டியல்ல இல்லையே.”

“அதான் சார் நானும் தேடினேன்.”

“பேசாம தோட்டக்கலைன்னு போட்டுடுங்க. உங்க வீட்ல செடி இருக்குமில்ல?”

“இருந்துச்சு சார். செத்துப்போச்சு. பொய் எழுதினா ஒழுங்கு நடவடிக்கைன்னு படிவத்தோட அடியிலயே போட்டிருக்கே?”

போட்டுத்தான் இருந்தது. நிராகரிக்கும் அதிகாரமும் கண்காணிப்பாளருக்குக் கிடையாது. ‘தக்க ஆணைக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது’ என்று எழுதித் தலைமையகத்தின் தலையில் கட்டிவிட்டார்.

இதற்கிடையில் மற்றவர்களுக்குப் பத்திரிகைகள் வந்து சேர்ந்தன. யாரோ பட்டியலில் ஒரு வரி தள்ளி நகல் எடுத்திருந்ததால் ஒருத்தருடையது அடுத்தவருக்குப் போய்விட்டது. கண்காணிப்பாளருக்குப் பின்னல்வேலைப் பத்திரிகை. டைப்பிஸ்டுக்கு மீன்பிடித்தல். டிரைவருக்கு மலையேற்றம். திருத்தக் கோரி எழுதினார்கள். தலைமையகம் சட்டென்று பதில் போட்டது: ‘சந்தாவை இடையில் மாற்ற விதிகளில் இடமில்லை. ஆர்வத்தை மாற்றிக்கொள்ள இடமுண்டு. அவ்வாறே செய்து, பதினைந்து நாளுக்குள் அறிக்கை அனுப்புக.’

கண்காணிப்பாளர் விதியை மீறாத மனிதர். இரண்டு ஊசியும் ஒரு நூல்கண்டும் வாங்கிவந்து மேஜைமேல் வைத்துக்கொண்டு முதல் பாடத்தை ஆரம்பித்தார். ஒரே வாரத்தில் அரைச்சாண் நீளத்துக்கு ஏதோ ஒன்று உருவாகியிருந்தது. அது என்ன என்று கேட்டவர்களிடம், “வளரட்டும், தெரியும்” என்றார். அந்த அலுவலகத்தில் அவர் சிரித்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

பதிவேட்டக்காவின் படிவத்துக்கு மட்டும் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. மேற்படி சும்மா இருத்தல் உள்ளரங்கிலா, திறந்தவெளியிலா? தனியாகவா, குழுவாகவா? தேவைப்படும் உபகரணங்கள் யாவை? அவள் பதில் எழுதினாள்: உள்ளே. தனியாக. நாற்காலி இரண்டு. கடைசியில் ஆர்வத்தின் மெய்த்தன்மையை நேரில் சோதிக்கத் தலைமையகத்திலிருந்து ஓர் ஆய்வாளரே கைப்பையோடு வந்து இறங்கினார். முப்பது வருஷ சர்வீஸ். முகத்தில் முப்பது வருஷமும் தெரிந்தது.

சாப்பாட்டு மணி அடித்ததும் எதிரே உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தார். “ம், ஆரம்பிங்கம்மா.”

அவள் காலை நீட்டினாள். இரண்டு நிமிஷம் போயிற்று.

“இப்ப என்ன செய்றீங்க?”

“சும்மா இருக்கேன்.”

“நெத்தி சுருங்குதே. எதையோ யோசிக்கிறீங்க.”

“நீங்க பாத்துக்கிட்டே இருக்கீங்களேன்னு யோசிக்கிறேன்.”

“யோசிச்சா அது சும்மா ஆகாதும்மா. நான் எழுத வேண்டியிருக்கும்.”

“எழுதாம நீங்களும் கொஞ்சம் உக்காந்து பாருங்க சார். முதல்ல அந்த ஷூவைக் கழட்டுங்க.”

ஆய்வாளர் வாசலைப் பார்த்தார். யாரும் இல்லை. ஷூவைக் கழற்றினார். சன்னலுக்கு வெளியே ஒரு சுவரும், சுவர்மேல் கொஞ்சம் வானமும் இருந்தன. சற்று நேரத்தில் அவர் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. மறுபடி மணி அடித்தபோது தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட குழந்தை மாதிரி அவளைப் பார்த்தார்.

“எங்க வீட்டு மாடியில இப்படி ஒரு சன்னல் இருக்கும்மா. வீடு கட்டிப் பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு நாள்கூட அங்க போய் உக்காந்ததில்லை” என்றார்.

நல்ல மனுஷர். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் அறிக்கை எழுதினார்: ‘ஆர்வம் மெய்யானது. ஆய்வு அலுவலரே நேரடியாகப் பங்கேற்று உறுதிசெய்தார்.’ அதுதான் வினையாகப் போயிற்று. ஆர்வம் மெய் என்று ஆகிவிட்டால் அதற்கொரு பத்திரிகை இருந்தே தீர வேண்டும். உலகத்தில் இல்லை என்றால் உண்டாக்க வேண்டும். தலைமையகம் உண்டாக்கியது. பெயர் ‘சும்மா’. மாதமிருமுறை. ஆசிரியர், அத்துறையில் முன்னனுபவம் உள்ள ஒரே ஊழியர்.

“வாழ்த்துகள்மா” என்றார் கண்காணிப்பாளர், ஊசியைக் கீழே வைக்காமலே. “கௌரவப் பதவி.”

“சார், பத்திரிகை நடத்தினா நான் எப்போ சார் சும்மா இருக்கறது?”

“அட, நல்ல தலைப்பா இருக்கே! முதல் இதழ்ல அதையே கட்டுரையா எழுதிடுங்க.”

எழுதினாள். சாப்பாட்டு நேரத்தில்தான் எழுத முடிந்தது. இருபது நிமிஷம் போதாமல் வேலை நேரத்திலும் எழுதினாள். கோப்புகள் அவள் மேஜையில் இடுப்புயரத்துக்கு ஏறின.

பத்திரிகையோ பிய்த்துக்கொண்டு போயிற்று. ஊரில் நாலு பேர் சேர்ந்தால் அதே பேச்சு. சும்மா இருப்பதற்கென்றே வளைந்த நாற்காலி, கழுத்துக்கு ஒரு தலையணை, சாம்பல் நிறத்தில் ஒரு தொளதொள சட்டை. முதல் நிலை, இரண்டாம் நிலை என்று பயிற்சி வகுப்புகள். பூங்காவில் உட்கார்ந்திருப்பவரிடம் “என்ன, சும்மாவா?” என்று கேட்டால், “மூணாம் நிலைங்க” என்று பதில் வந்தது. கண்ணைத் திறந்துகொண்டு சும்மா இருப்பதா, மூடிக்கொண்டா என்று சந்தாதாரர் சங்கம் இரண்டாக உடைந்தது. இரு தரப்பும் ஆசிரியருக்கு எழுதிய கடிதங்களில் பாதியை அச்சில் ஏற்ற முடியாது.

வீட்டிலும் பத்திரிகை புகுந்துவிட்டது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தால், கணவர் வளைந்த நாற்காலியில் சாம்பல் சட்டையோடு சாய்ந்திருந்தார்.

“பாத்திரம் எல்லாம் அப்படியே கிடக்கே?” என்றாள்.

“ஷ்ஷ்... ஒம்பதாம் பக்கப் பயிற்சி. நீதானே எழுதின? ஆசிரியரோட புருஷனே செய்யலேன்னா வெளியில உனக்குத்தான் மரியாதை இல்லை.”

அவள் பாத்திரங்களைத் தேய்த்தாள். அடுத்த வாரம் மாமியாரும் சந்தாதாரர் ஆனார்.

ஆறு மாதம் முடிந்து முகங்களை ஆய்வு செய்தார்கள். பதினாறு முகங்கள் மலர்ந்திருந்தன. பதிவேட்டக்காவுக்கு மட்டும் குறிப்பாணை வந்தது: ‘ஆசிரியரின் முகம் மலராமை பத்திரிகையின் நற்பெயருக்கு ஊறு விளைவிப்பதால், விளக்கம் கோரப்படுகிறது.’ அதோடு இன்னொரு ஆணை: சந்தாதாரர் எண்ணிக்கையை இந்தக் காலாண்டுக்குள் இரட்டிப்பாக்குக.

கண்காணிப்பாளர் யோசித்தபடியே ஒரு வரிசை பின்னினார். தலையை நிமிர்த்தியபோது கவுண்டருக்கு அப்பால் காத்திருப்புக் கூடம் தெரிந்தது. பெஞ்சுகளில் நாற்பது பேர். காலையில் வந்து மாலையில் போகிறவர்கள். ஒருத்தரும் எதுவும் செய்யவில்லை.

“அடடா!” என்றார். பின்னலில் ஒரு கண்ணி நழுவிவிட்டது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் கூடத்தில் பலகை தொங்கியது: ‘இங்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்போர் அனைவரும் சும்மா இருத்தலில் ஆர்வம் கொண்டோராக அங்கீகரிக்கப்படுகின்றனர். மனுவுடன் சந்தாப் படிவத்தையும் இணைக்கவும்.’ கொந்தளிப்பு வரும் என்று காவலாளி வாசலில் தயாராக நின்றார். வரவில்லை. இத்தனை வருஷம் ‘நாளைக்கு வாங்க’ என்பதைத் தவிர எந்த அங்கீகாரமும் பெறாத ஜனங்கள், ஆளுக்கொரு உறுப்பினர் அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு இதழ் வெளிவந்த பிறகும் அதே நாற்பது பேர் பெஞ்சில் இருப்பதைப் பார்த்த பதிவேட்டக்கா, தன் மேஜைப் பக்கம் திரும்பினாள். தன் மேஜையில் மலைபோல் கிடப்பது அந்த நாற்பது பேரின் கோப்புகள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அச்சுக்குப் போக வேண்டிய இதழை ஓரமாகத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து ஒரு கோப்பை உருவினாள். எட்டு மாதமாக வந்துபோகும் ஒரு தச்சருடையது. அவரைக் கவுண்டருக்குக் கூப்பிட்டாள்.

“அண்ணே, ரொம்ப அலைய விட்டுட்டோம், மன்னிச்சுக்குங்க. நாலே நிமிஷம். இப்பவே முடிச்சுத் தரேன்.”

தச்சர் திடுக்கிட்டுக் கவுண்டர் கம்பியைப் பிடித்தார். “ஏம்மா, என்ன அவசரம்?”

“உங்களுக்கு முகவரி மாற வேண்டாமா?”

“மாறட்டும், மெதுவா மாறட்டும். இன்னும் நாலு மாசம் இங்க உக்காந்தா மூத்த உறுப்பினர் சான்றிதழ் கிடைக்கும்மா. இப்ப முடிச்சுட்டீங்கன்னா நான் வெறும் தச்சன்தானே?”

“பத்திரிகை பழைய வீட்டுக்குல்ல போயிக்கிட்டிருக்கு?”

“போகுது. அங்க குடியிருக்கறவங்க தங்கமானவங்க. படிச்சுட்டுக் குடுத்துடறாங்க.”

அவள் தச்சரை விட்டுவிட்டுக் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “வேற யாருக்காவது முடிச்சுத் தரட்டுமா? யார் வேணும்னாலும் வரலாம்! வரிசையே வேண்டாம்!”

நாற்பது பேரும் திரும்பினார்கள். கண் மூடிய தரப்பினர் கண்ணைத் திறக்க நேர்ந்ததற்காக முறைத்தார்கள். முன் பெஞ்சில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை உதட்டில் விரலை வைத்தார். பிறகு தம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நிதானமாக எழுதிக் கையெழுத்திட்டு, பக்கத்து ஆளிடம் நீட்டினார். தாள் பெஞ்சு பெஞ்சாகச் சுற்றி, கடைசியாகத் தச்சரின் கையெழுத்தோடு கண்காணிப்பாளரின் மேஜைக்கு வந்தது. பொதுமக்களின் ஓய்வைக் கூச்சலிட்டுக் கெடுக்கும் ஊழியர்மேல் நடவடிக்கை கோரும் மனு அது.

மாலை மணி அடிப்பதற்குள் பதிவேட்டக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதமும், மனுதாரர்கள் நாற்பது பேருக்கும் நன்றிக் கடிதமும் தயாராகிவிட்டன. அந்த அலுவலகம் தொடங்கப்பட்ட நாளிலிருந்து, கொடுத்த அன்றே முடித்துவைக்கப்பட்ட ஒரே மனு அதுதான்.